பன்றிகளுக்காகக் கை தூக்கியவர்கள்

எங்கள் ஊர் ஹிண்டர்மோஸில் ஒரே ஒரு கடைதான். அதன் இறைச்சிக் கவுண்டருக்குப் பின்னால் பல வருடமாக நான் நிற்கிறேன். யார் வீட்டில் என்ன வேகிறது என்பது பாதிரியாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. தெரிந்து தொலைக்கிறது, அவ்வளவுதான்.

வரிசையில் பின்னால் யாராவது நின்றால், முன்னால் நிற்பவர் பச்சைச் சீட்டு ஒட்டிய இறைச்சியைக் கேட்பார். அது வைக்கோலில் படுத்து, வெளியே போய்வந்து வளர்ந்த பன்றி, விலை கூடுதல். "பாவம், அதுங்களும் நாலு நாள் நல்லா இருக்கட்டுமே" என்று பின்னால் நிற்பவர் காதில் விழும்படி சொல்லவும் சொல்வார். பின்னால் ஆள் இல்லையென்றால் அதே மனிதரின் விரல் சத்தமில்லாமல் பக்கத்துத் தட்டைக் காட்டும். அந்தப் பன்றி எங்கே வளர்ந்தது என்று தட்டிலும் எழுதியிருக்காது, அவரும் கேட்கமாட்டார். நான் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பேன். அந்த நேரத்தில் என்னை ஒரு ஆளாகவே யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இதையெல்லாம் பார்த்தவள் என்பதால்தான் அந்த வசந்த காலம் முழுவதும் என்னால் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. என் தம்பி மெல்க் தன் பிழைப்பை மொத்தமாகக் கொண்டுபோய் இந்த ஜனங்களின் கையில் கொடுத்திருந்தான்.

விஷயம் இதுதான். அப்பா விட்டுப்போன பன்றிக் கொட்டகை ஊருக்கு நடுவில் இருக்கிறது. இருட்டு, சிமெண்டுத் தரை, தாய்ப்பன்றி திரும்பிப் படுக்கவே யோசிக்க வேண்டும். மெல்குக்கு அது சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அதற்கான அனுமதியும் முடியப் போகிறது. அதை இடித்துவிட்டு ஊர்ப் பொது நிலத்தில் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. உள்ளே வைக்கோல், வெளியே முற்றம், புரள ஒரு சேற்றுக் குழி. நிலம் ஊருடையது. ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்கிக் குத்தகைக்குக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காவிட்டால் பன்றிகளை விற்றுவிட்டு, பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் பெரிய மூடிய பண்ணைக்குச் சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். அங்கே பன்றிகள் லாரி ஏறும் நாளில்தான் வெயிலைப் பார்க்கும். மெல்குக்கு அங்கே போவது தன் கையால் தன் மூக்கை அறுத்துக்கொள்வதற்குச் சமம்.

அந்தப் பொது நிலம், புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு நேர் கீழே இருந்தது. எங்கள் வீடும் அதே சரிவில்தான். காற்று கீழிருந்து மேலே வரும். வெளியே உலவும் பன்றி உள்ளே அடைந்து கிடக்கும் பன்றியைவிட அதிகம் நாறும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேச முடியாதபடி கோர்தூலா பார்த்துக்கொண்டாள். நகரத்திலிருந்து வந்து அடுக்குமாடியில் குடியேறியவள். நல்ல மனசு. அந்த நல்ல மனசைப் பிறருக்கும் கட்டாயமாகப் பங்கிட்டுக் கொடுப்பவள். இளஞ்சிவப்பில் ஒரு சிரிக்கும் பன்றிப் படம் அச்சடித்து, வீடு வீடாகப் போய் ஜன்னலில் ஒட்டச் சொன்னாள். முதலில் நாலைந்து வீடுகள் ஒட்டின. பிறகு தெருவுக்குத் தெரு. எங்கள் ஊரில் ஒரு ஜன்னலில் பூச்சட்டி வைக்காவிட்டாலே "உடம்பு சரியில்லையா" என்று விசாரிப்பார்கள். அப்படியிருக்க, பன்றி இல்லாத ஜன்னல் எத்தனை நாள் தாங்கும்?

பாஷிக் கிழவர் தாங்கிப் பார்த்தார். கடையில் வைத்தே கோர்தூலா அவரைப் பிடித்தாள்.

"என்ன பாஷி, உங்க ஜன்னல்ல மட்டும் பன்னியக் காணோமே?"

"எங்க வீட்ல ஏற்கனவே ஒன்னு இருக்கும்மா. என் பொண்டாட்டிய கேளு, சோபாவக் காட்டுவா."

எல்லோரும் சிரித்தார்கள். கோர்தூலாவும் சிரித்தாள், ஆனால் நகரவில்லை. "எனக்கொன்னும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்கதான், பாஷிக்கு மிருகம்னா ஆகாதோன்னு கேட்டாங்க" என்றாள். மறுநாள் பாஷி ஜன்னலிலும் பன்றி சிரித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் கோணலாக.

நான் அன்றைக்கே மெல்கைப் பார்க்கப் போனேன். கொட்டகையில் குனிந்து தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு தாய்ப்பன்றி கம்பியில் முதுகைத் தேய்த்தது, கொட்டகையே ஆடியது.

"ஒரு வீடு பாக்கி இல்லக்கா, பாத்தியா?" என்றான், நிமிராமலே. "பாஷி வீட்ல கூட ஒட்டிட்டாங்க. அந்த ஆளு தன் கல்யாணத்துக்கே சரின்னு சொல்ல மூணு வருஷம் எடுத்துக்கிட்டவரு."

"அது பன்னிக்காக ஒட்டினது இல்லடா. பக்கத்து ஜன்னலுக்காக ஒட்டினது."

"எதுக்காகவோ இருக்கட்டும். கை தூக்குவாங்கல்ல?"

"தூக்குவாங்க. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கற வரைக்கும் தூக்குவாங்க. அதத்தான் சொல்ல வந்தேன். கூட்டத்துல யாராவது, சீட்டு எழுதிப் போடலாம்னு பேச்செடுத்தா நீ வாயத் தெறக்காத. சீட்டு வேணும்னா நாலுல ஒரு பங்கு ஆளுங்க அதுக்குக் கை தூக்கணும். நான் ஒளிச்சு ஓட்டுப் போடப் போறேன்னு ஊரே பாக்க எவன் கை தூக்குவான்? அதனால அது நடக்காது. நீ சும்மா இருந்தாப் போதும்."

மெல்க் நிமிர்ந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும்.

"அப்ப எல்லாரும் எனக்குப் பொய்யா கை தூக்கப் போறாங்கன்னு சொல்றியா?"

"பொய்யோ நெஜமோ, நிலம் கிடைக்கும்."

"எனக்கு வேண்டாம்க்கா அப்படி ஒரு நிலம்."

"பன்னிக்கு வேணும்டா. அது எப்படிக் கெடச்சுதுன்னு அது கேக்கப் போறதில்ல."

"நீ ஊரையே அந்தக் கவுண்டர் வழியாத்தான் பாக்கற" என்றான். "ஒரு மனுஷன் விலை கம்மியா சாசேஜ் வாங்கினா அவன் கெட்டவனா? வாங்கற கை வேற, ஓட்டுப் போடற கை வேற."

"ஒரே கைதான், மெல்க். ரெண்டும் ஒரே தோள்லதான் தொங்குது."

அவன் மறுபடி குனிந்தான். சுரண்டும் சத்தம் முன்னைவிட வேகமாகக் கேட்டது. அவன் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. அதே நேரம் பெருமையாகவும் இருந்தது. அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் மனிதருக்கு உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து துவைத்த துணியையே இரண்டாம் முறை துவைக்கப் போட்டேன்.

என் வீட்டிலும் நிம்மதி இல்லை. என் புருஷன் தியோ ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவன். போன கோடையில் வீட்டின் முன்னால் ஒரு மரத்தளம் கட்டி, அதில் நாற்காலி போட்டுக் காலையில் காபி குடிக்கிறான். அந்த மரத்தளம் பொது நிலத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஒரு நாள் கீழே யாரோ வயலுக்குச் சாணக் கரைசல் அடித்தார்கள். தியோ கோப்பையோடு எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கதவுக் கண்ணாடியில் கோர்தூலாவின் பன்றி சிரித்துக்கொண்டிருந்தது.

"நீ மெல்குக்குத்தானே?" என்று கேட்டேன்.

"அதான் கை தூக்கறேன்னு சொன்னேனே."

"கை தூக்கறத கேக்கல. மனசுல என்ன நெனைக்கறன்னு கேக்கறேன்."

"உன் கண்ணு முன்னாடி உக்காந்துக்கிட்டு தூக்காம இருந்துட முடியுமா ரெகுலா? அப்புறம் எனக்கு யாரு சோறு போடுவா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஊர்க்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூசை முடிந்ததும், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. இவ்வளவு கூட்டத்தை அங்கே நான் பார்த்ததில்லை. வழக்கமாகத் தெருவிளக்கு, குப்பைவண்டி என்று பேசுவார்கள், கால்வாசி நாற்காலி காலியாக இருக்கும். அன்றைக்கு ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். கைப்பையில் பன்றிப் படம் குத்திக்கொண்டு கோர்தூலா முதல் வரிசையில் இருந்தாள். மெல்க் கோட்டு போட்டிருந்தான். எங்கள் அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை அவன் போட்டு நான் பார்க்கவில்லை.

ஊர்த்தலைவர் ஆல்வின் முதலில் கை எண்ணுவதற்கு மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். யாரோ என் பெயரைச் சொன்னார்கள்.

"தம்பி விஷயத்துக்கு அக்காவே எண்ணலாமா?" என்று ஒரு குரல்.

"நிறுக்கறப்ப ஒரு கிராம் கூட போட மாட்டா. எண்ணறதுலயா போடப் போறா?" என்றார் ஆல்வின். சிரிப்பு எழுந்தது. வலது பக்க வரிசைகள் எனக்கு வந்தன. நான் சுவரோரம் போய், எல்லா முகங்களும் தெரியும்படி நின்றேன்.

ஆல்வின் திட்டத்தைப் படித்தார். கேள்வி உண்டா என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், "காற்று பெரும்பாலும் எந்தப் பக்கம் அடிக்கும்?" என்று கேட்டாள். கூடம் சட்டென்று அமைதியாகிவிட்டது. தலைகள் திரும்பின. அவள் முகம் சிவந்து, "சும்மா, பன்னிங்களுக்குக் குளிருமேன்னுதான் கேட்டேன்" என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான்.

இனிமேல் தடையில்லை. ஆல்வின், "அப்ப, கை தூக்கி..." என்று தொடங்கினார். இன்னும் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பாஷிக் கிழவர் எழுந்தார். எழுந்துகூட இல்லை, முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அரைகுறையாக நிமிர்ந்தார்.

"எனக்குப் பன்னி மேல ஒன்னுமில்ல" என்றார். "ஆனா இது ஓட்டா, இல்ல கோயில்ல பாட்டுக்கு எழுந்து நிக்கறதா? முன்வரிசையில ஒரு அம்மா திரும்பித் திரும்பிப் பாக்குது. ஜன்னல்ல ஒட்டலன்னா விசாரணை. இங்க கை தூக்காம உக்காந்திருக்க யாருக்கு தைரியம் இருக்கு? சும்மா கேக்கறேன்."

"உக்காருங்க பாஷி" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். அவரும் உட்கார்ந்துவிட்டார். சீட்டு வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. அது அத்தோடு போயிருக்கும்.

ஆனால் மெல்கின் காதுகள் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை. எழுந்தான்.

"பாஷி சொல்றது சரி" என்றான். "நானே கேக்கறேன். சீட்டு எழுதிப் போடுங்க. நாளைக்கு எவனும் வந்து, வெக்கத்துக்குக் கை தூக்கினேன்னு சொல்லக் கூடாது. கட்டினா நாப்பது வருஷம் அங்க இருக்கப் போற கொட்டகை. மனசார குடுங்க, வாங்கிக்கறேன்."

கூடம் முழுவதும் கைதட்டல். அப்படி ஒரு நேர்மை எங்கள் ஊரில்தான் வரும். ஒரு மனிதன் தனக்கிருந்த ஒரே அரணைத் தானே இடித்துவிட்டு நிற்கிறான், அதற்கு ஊர் கைதட்டுகிறது.

"சரி" என்றார் ஆல்வின். "சீட்டு வேணுங்கறவங்க கை தூக்குங்க. நாலுல ஒரு பங்கு வந்தாப் போதும்."

நான் எண்ண ஆரம்பிக்கவே இல்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. கைகள் பறந்துகொண்டு மேலே போயின. தெருவிளக்குக்கு அரைமனதாக முழங்கையோடு நிற்கும் கைகள் அன்றைக்கு விரல்நுனி வரை நீண்டன. இனி அது ஒளிவதற்கான கை இல்லை அல்லவா. மெல்கே கேட்டுவிட்டான். அவனுக்கு மரியாதை செய்யும் கையாக அது மாறிவிட்டது. முகங்களைப் பார்த்தேன். வரிசையில் பின்னால் ஆள் இல்லை என்று கண்டுகொண்ட முகங்கள் அவை. எனக்குத் தெரியாத முகமா? கோர்தூலாவின் கையும் மேலே இருந்தது. என் பக்கத்து மூன்றாம் வரிசையில், சுவர் ஓரத்தில், தியோவின் கையும் இருந்தது. என் கண்ணைச் சந்தித்ததும் அவன் கூரையைப் பார்த்தான்.

"ரெகுலா, உன் பக்கம் எவ்வளவு?" என்றார் ஆல்வின்.

"எல்லாரும்" என்றேன்.

சீட்டுகள் கொடுத்தோம். ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும். பென்சில் பற்றாக்குறையால் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல எழுதினார்கள். என் சீட்டை நான் சுவரில் வைத்து எழுதினேன். ஆம் என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்தது. எங்கள் வீடும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது, எனக்கும் மூக்கு இருக்கிறது. ஆனாலும் அந்த இருட்டுக் கொட்டகையில் கம்பியைத் தேய்க்கும் அந்தப் பன்றியை நான் பார்த்திருக்கிறேன். என் தம்பியையும் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேரும் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தோம். ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம். முதலில் இரண்டும் சமமாக ஏறின. அப்புறம் ஒன்று மட்டும் ஏறியது. நான் வேண்டுமென்றே கையெழுத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தேன். பார்த்திருந்தாலும் பயனில்லை. ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒரே மாதிரி, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். எங்களில் ஒருவர், "சந்தேகமே வேண்டாம், ரொம்ப வித்தியாசம்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். நான் மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் அதேதான்.

ஆல்வின் முடிவை வாசித்தபோது கூடத்தில் ஒரு நிஜமான திகைப்பு பரவியது. அதை நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். தான் ஒருவர் மட்டும் 'இல்லை' என்று எழுதினால் என்ன, ஊர்தான் 'ஆம்' என்று எழுதப்போகிறதே என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள் போலிருக்கிறது. பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோர்தூலா வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு இப்படிப் பண்ணாங்க?" என்று பின்னால் ஒரு பெண் கேட்டாள். காற்று எந்தப் பக்கம் என்று கேட்ட அதே பெண்தான்.

மெல்க் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தான். "சரி, தெரிஞ்சுடுச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கூட்டம் முடிந்தால் எங்கள் ஊரில் வெள்ளை ஒயினும் பின்னல் ரொட்டியும் பன்றி இறைச்சித் துண்டுகளும் உண்டு. அன்றைக்கும் இருந்தன. மேசைக்குப் பக்கத்தில் மெல்க் நின்றான். போயிருக்கலாம், ஆனால் தோற்றதும் ஓடிவிட்டான் என்று பேச்சு வரக் கூடாது என்று நின்றான். ஒவ்வொருவராக அவனிடம் வந்தார்கள். யாரும் வராமல் இருக்கவில்லை.

"நான் உனக்குத்தான் போட்டேன் மெல்க். நம்பு."

"எங்க வீட்ல ரெண்டு ஓட்டும் உனக்குத்தான்."

"எனக்கு அழுகையா வருது" என்றாள் கோர்தூலா. "நான் பெரிய எழுத்துல ஆமான்னு எழுதினேன்."

"நான் வாய் விட்டிருக்கக் கூடாது" என்றார் பாஷி. "ஆனா போட்டது உனக்குத்தான், அது சத்தியம்." நான் நம்பியது பாஷி ஒருவரைத்தான். அதுவும் முழுசாக இல்லை.

எல்லோருக்கும் மெல்க் ஒரே மாதிரி கை நீட்டினான். ஒரே மாதிரி சிரித்தான். "தெரியும். ரொம்ப நன்றி" என்றான். அவனுக்குக் கிடைத்த ஓட்டுகளை அவர்கள் எல்லோருக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு அரை ஓட்டுகூடத் தேறியிருக்காது.

தியோ என் பக்கத்தில் வந்து நின்றான். ஒயின் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் அவனுக்குத்தான் போட்டேன். உனக்குத் தெரியும்ல?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தோடு பாதி ஆயுள் வாழ்ந்திருக்கிறேன். அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. இனி ஒருநாளும் தெரியப் போவதும் இல்லை. "சரி" என்றேன்.

நான் என்ன எழுதினேன் என்பதும் மெல்குக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு மெல்கிடம் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் முடிக்கும் வரை நிற்க எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிவிட வேண்டும், இவர்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கிழிந்த சீட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்தச் சீட்டு கிழிந்ததென்று எவர் கண்டார்?

"மெல்க்" என்றேன். "நான் ஆமான்னுதான்டா எழுதினேன்."

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். மரத்தளமும், காபியும், சரிவில் எங்கள் வீடும் அந்தப் பார்வையில் வந்து போனதை நான் கண்டேன். பிறகு சிரித்தான், மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. வலது கையை என் முன்னால் நீட்டினான்.

"தெரியும்க்கா. ரொம்ப நன்றி."

நானும் கை கொடுத்தேன். அவன் பிறந்ததிலிருந்து அன்றைக்கு வரை நாங்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டதே இல்லை.